கெர்ட்ரூட் ஸ்டைன்

கெர்ட்ரூட் ஸ்டைன் (பெப்ரவரி 3, 1874 – ஜூலை 27, 1946) ஓர் அமெரிக்க எழுத்தாளர், கவிஞர், நாடக ஆசிரியர், ஓவியச் சேகரிப்பாளர் ஆவார். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிரான்சில் கழித்த இவர், ஆங்கில உரைநடையில் மிகத் துணிவான சோதனைகளைச் செய்த நவீனத்துவ எழுத்தாளர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். பிக்காசோ, மட்டீஸ் ஆகியோரின் ஓவியங்கள் ஏளனத்திற்கு உள்ளான காலத்திலேயே அவற்றை வாங்கித் தம் வீட்டுச் சுவர்களில் மாட்டியவர் என்பதால் இவருடைய பெயர் ஓவிய வரலாற்றிலும் இடம்பெறுகிறது. இவரது பெயரை அறிந்தோர் பலர்; நூல்களைப் படித்தோர் மிகச் சிலர். ஓவியம், வீடு, போர் ஆகிய மூன்றும் இவரது எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள். யூதரான இவர் இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சை விட்டு வெளியேறாமல் உயிர் தப்பியதும், அதே காலத்தில் விஷி அரசின் தலைவர் பெத்தேனின் உரைகளை மொழிபெயர்த்ததும் நெடிய விவாதத்திற்கு உரியவை.

இளமையும் கல்வியும்

ஸ்டைன் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள அலிகேனியில் பிறந்தார். இவ்வூர் 1907 இல் பிட்ஸ்பர்க் நகருடன் இணைக்கப்பட்டது. ஜெர்மானிய யூத வழிவந்த குடும்பத்தில் ஐந்து குழந்தைகளுள் இவரே கடைசி. குழந்தைப் பருவத்தின் முதல் ஆண்டுகள் வியன்னாவிலும் பாரிசிலும் கழிந்தன. பின்னர் குடும்பம் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் குடியேறியது. தாய் 1888 இலும் தந்தை 1891 இலும் இறந்தனர். மூத்த அண்ணன் மைக்கேல் குடும்பச் சொத்தைத் திறம்பட நிர்வகித்ததால், தம்பி தங்கையர் வேலைக்குச் செல்லாமலே எளிமையாக வாழும் அளவுக்கு வருமானம் கிடைத்தது. எவரும் பதிப்பிக்க முன்வராத நூல்களை ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்க இவ்வருமானமே துணைநின்றது.

பின்னர் ராட்கிளிஃப் கல்லூரி எனப் பெயர் மாறிய ஹார்வர்டு மகளிர் பிரிவில் 1893 இல் சேர்ந்து, உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸிடம் பயின்றார். அங்கு தாமே அறியாமல் கை எழுதும் தன்னியக்க எழுத்து பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டார். சக மாணவர் லியான் சாலமன்சுடன் இணைந்து எழுதிய ஆய்வுக்கட்டுரை 1896 இல் வெளியானது. இந்த மாணவப் பருவ ஆய்வு பிற்காலத்தில் இவருக்கு எதிராகவே பயன்படுத்தப்பட்டது.

1897 இல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். நான்காம் ஆண்டில் சில பாடங்களில் தேறாததால் 1901 இல் பட்டம் பெறாமலே வெளியேறினார்.

ஃப்ளூரஸ் தெரு வீடு

1903 இல் ஸ்டைன் பாரிசுக்குச் சென்று, ஃப்ளூரஸ் தெருவின் 27 ஆம் எண் வீட்டில் அண்ணன் லியோவுடன் வசிக்கத் தொடங்கினார். இருவரும் சேர்ந்து செசான், ரெனுவார், மட்டீஸ், பிக்காசோ ஆகியோரின் படங்களை வாங்கினர். 1904 இல் வாங்கிய செசானின் படம் ஒன்று இங்கு முக்கியமானது. அது ஓவியர் தம் மனைவியைக் கையில் விசிறியுடன் தீட்டிய உருவப்படம். மறு ஆண்டு இலையுதிர்காலக் கண்காட்சியில் பார்வையாளர்கள் நகைத்த மட்டீஸின் தொப்பி அணிந்த பெண் ஓவியமும் இவர்களது வீட்டுக்கு வந்தது. ஓவியங்களைக் காண வருவோர் எண்ணிக்கை பெருகவே, வருகையாளர்களுக்கு எனச் சனிக்கிழமை மாலைகள் ஒதுக்கப்பட்டன. பிக்காசோவும் மட்டீஸும் அறிமுகமானது இவ்வீட்டின் வழியாகவே.

1905–06 காலத்தில் பிக்காசோ ஸ்டைனின் உருவப்படத்தைத் தீட்டினார். இதற்காகத் தாம் 80 அல்லது 90 முறை அமர்ந்ததாக ஸ்டைன் பின்னர் எழுதினார். இறுதியில் பிக்காசோ முகத்தை மட்டும் அழித்துவிட்டு ஸ்பெயினுக்குச் சென்றார். திரும்பி வந்ததும் ஸ்டைனை நேரில் பாராமலே முகமூடி போன்ற புதிய முகத்தை வரைந்து முடித்தார். எதிரில் உள்ளதைப் போலச் செய்வதை விட்டு விலகிய இச்செயல் ஸ்டைனின் உரைநடை செல்லவிருந்த திசையோடு ஒத்துப்போகிறது.

1907 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அலிஸ் பி. டோக்லஸ் பாரிசுக்கு வந்து ஸ்டைனைச் சந்தித்தார். 1910 முதல் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். டோக்லஸ் இவருடைய வாழ்க்கைத் துணையாகவும், கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்பவராகவும், சமையலையும் விருந்தினரையும் கவனிப்பவராகவும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்தார். லியோவுக்குப் பிக்காசோவின் புதிய கியூபிச ஓவியங்களும் பிடிக்கவில்லை, தங்கையின் எழுத்தும் பிடிக்கவில்லை. 1913–14 இல் அண்ணனும் தங்கையும் பிரிந்தபோது ஓவியங்களும் பிரிக்கப்பட்டன. லியோ ரெனுவாரின் படங்களை எடுத்துச் சென்றார். பிக்காசோவின் படங்களும் செசான் மனைவியின் படமும் ஸ்டைனிடம் தங்கின.

எழுத்து முறை

முதல் நூலான 'மூன்று வாழ்வுகள்' 1909 இல் ஆசிரியரின் சொந்தச் செலவில் வெளிவந்தது. இதை எழுதிய காலத்தில் செசான் மனைவியின் படம் எதிரில் இருந்ததாக ஸ்டைன் குறிப்பிட்டுள்ளார். செசான் படத்தின் ஒரு மூலைக்கும் முகத்துக்கும் ஒரே கவனத்தைத் தந்தார். அதுபோலக் கதையில் உச்சம், பின்னணி என்னும் வேறுபாடு இன்றி எல்லா வாக்கியங்களுக்கும் சம எடை தர ஸ்டைன் முயன்றார். மூன்று கதைகளுள் இரண்டு ஜெர்மானியப் பணிப்பெண்களைப் பற்றியவை; நடுவில் உள்ள 'மெலாங்தா' ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றியது. கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் இக்கதையைப் பாராட்டினார். எனினும் இதில் உள்ள இனம் சார்ந்த பொதுமைப்படுத்தல்கள் பிற்காலத்தில் கடுமையாகக் குறைகூறப்பட்டன. அக்குறைகூறல் நியாயமானதே.

1903 க்கும் 1911 க்கும் இடையில் எழுதப்பட்ட 'அமெரிக்கர்களின் உருவாக்கம்' 900 பக்கங்களுக்கு மேற்பட்டது. குடும்ப வரலாறாகத் தொடங்கி, மனிதரின் எல்லா வகைகளையும் விவரித்துவிடும் முயற்சியாக விரிந்து செல்கிறது. ஒரே வாக்கியம் சிறு மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் வரும். வினைகள் பெரும்பாலும் நிகழ்ந்துகொண்டே இருக்கும் வடிவில் அமையும். ஒருவர் தம்மைப் பற்றிப் பேசும்போது ஒரே செய்தியைத்தான் பல விதமாகத் திரும்பச் சொல்கிறார் என்பதும், அந்தத் திரும்பச் சொல்லலைக் கூர்ந்து கேட்டால் அவரது இயல்பு வெளிப்படும் என்பதும் ஸ்டைனின் நம்பிக்கை. இந்நூல் 1925 இல்தான் முழுமையாக அச்சேறியது. அதற்கு முந்தைய ஆண்டு இதன் பகுதிகள் ஓர் இதழில் வெளிவர உதவியவர் அப்போது இளைஞராக இருந்த எர்னெஸ்ட் ஹெமிங்வே.

1914 இல் நியூயார்க்கில் வெளியான 'டெண்டர் பட்டன்ஸ்', அதாவது 'மென்மையான பொத்தான்கள்', மிகச் சிறிய நூல். மிகக் கடினமானதும் இதுவே. பொருள்கள், உணவு, அறைகள் என மூன்று பகுதிகளைக் கொண்டது. தலைப்புகளை மட்டும் படித்தால் ஒரு வீட்டின் பட்டியல் போலத் தோன்றும். நீர்க்குடுவை, குடை, நாற்காலி, சிவப்புத் தொப்பி, மாட்டிறைச்சி, முட்டை, பால், சர்க்கரை என அன்றாடம் கையில் படுபவை மட்டுமே தலைப்புகளில் உள்ளன. ஆனால் தலைப்பின் கீழ் உள்ள பத்தி அப்பொருளை விவரிப்பதில்லை. வாக்கியத்தின் இலக்கணச் சட்டகம் பெரும்பாலும் நிலைத்திருக்க, அதில் எதிர்பார்க்கும் சொல்லுக்குப் பதிலாக வேறொரு சொல் வந்து அமர்கிறது. முதல் பத்தியின் பொருள் கண்ணாடிக் குடுவை. பார்வைக்கு உதவும் மூக்குக்கண்ணாடியும் கண்ணாடியே, பார்வையற்ற குடுவையும் கண்ணாடியே என்பது போன்ற உறவுகளை அப்பத்தி தொட்டுச் செல்கிறது. குடுவையின் உயரம், வடிவம், பயன் எதையும் சொல்வதில்லை. பழக்கத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போன பொருளை மீண்டும் காணச் செய்வதே நோக்கம் எனலாம். அறைகள் பற்றிய இறுதிப் பகுதிக்கு உள்தலைப்புகளே இல்லை. சுவரில்லாத நீண்ட கூடம் போல அது அமைந்துள்ளது.

நண்பர்களைப் பற்றிச் சொற்களால் உருவப்படங்களும் எழுதினார். மட்டீஸ், பிக்காசோ ஆகியோரைப் பற்றியவை 1912 இல் ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் இதழில் வெளிவந்தன.

முதல் உலகப் போர்

1914 இல் போர் மூண்டபோது ஸ்டைனும் டோக்லஸும் இங்கிலாந்தில் மெய்யியலாளர் வைட்ஹெட்டின் விருந்தினராக இருந்தனர். சில நாள் தங்கச் சென்றவர்கள் அக்டோபர் வரை திரும்ப இயலவில்லை. பின்னர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் சிலகாலம் வசித்துவிட்டு, 1916 இல் பிரான்சுக்குத் திரும்பிப் போர்ப் பணியில் இறங்கினர். அமெரிக்காவிலிருந்து ஒரு ஃபோர்டு வண்டி வரவழைக்கப்பட்டது. ஸ்டைன் அதை ஓட்டக் கற்றுக்கொண்டு, காயமுற்ற வீரர்களுக்கான பொருள்களை மருத்துவமனைகளுக்கு எடுத்துச் சென்றார். இப்பணிக்காக இருவருக்கும் பிரெஞ்சு அரசு பதக்கம் வழங்கியது.

போருக்குப் பின் ஃப்ளூரஸ் தெரு வீட்டுக்கு இளம் அமெரிக்க எழுத்தாளர்கள் வரத் தொடங்கினர். ஷெர்வுட் ஆண்டர்சனும் ஹெமிங்வேயும் அவர்களுள் முக்கியமானவர்கள். போரால் திசையிழந்த அத்தலைமுறைக்கு வழங்கும் தொலைந்த தலைமுறை என்னும் பெயரை ஸ்டைன் ஒரு வாகனப் பழுதுபார்ப்பு நிலையத்தில் கேட்டதாகவும், ஹெமிங்வே அதைத் தம் நாவலின் முகப்பில் இட்டுப் பரப்பியதாகவும் அறியப்படுகிறது.

புகழ்

1926 இல் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் உரையாற்றினார். அவ்வுரையை வர்ஜீனியா வூல்ஃப் இணையரின் ஹோகார்த் அச்சகம் வெளியிட்டது. ஆயினும் கையெழுத்துப் படிகள் வீட்டில் குவிந்துகொண்டே இருந்தன. எனவே பிக்காசோவின் படம் ஒன்றை விற்று, 1930 முதல் டோக்லஸின் மேற்பார்வையில் சொந்தப் பதிப்பகம் நடத்தினர்.

1932 இல் சில வாரங்களில் எழுதி முடித்த 'அலிஸ் பி. டோக்லஸின் தன்வரலாறு' 1933 இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. டோக்லஸ் தம் வாழ்க்கையைச் சொல்வது போல் அமைந்திருந்தாலும் எழுதியவர் ஸ்டைனே. தெளிவான நடையில் நகைச்சுவையுடன் அமைந்த இந்நூலை மட்டும் படித்தவர் இவரைக் கடினமான எழுத்தாளர் என்று நம்பமாட்டார். நூலில் உள்ள தகவல்களை மறுத்து மட்டீஸ், பிராக் முதலியோர் 1935 இல் கூட்டாக ஓர் எதிர்ப்பை வெளியிட்டனர். 1934 இல் வர்ஜில் தாம்சன் இசையமைத்து, முழுவதும் கறுப்பினப் பாடகர்கள் நடித்த இவரது இசை நாடகம் அமெரிக்காவில் அரங்கேறியது. அதே ஆண்டு, 30 ஆண்டுகளுக்குப் பின் தாய்நாடு சென்று, மறு ஆண்டு வரை ஊர் ஊராக உரையாற்றினார். அப்போது ஓக்லண்டில் தாம் வளர்ந்த வீட்டைத் தேடிச் சென்றவர் அது இல்லாமல் போயிருப்பதைக் கண்டார். 1937 இல் வெளியான நூலில் இதைப் பற்றி எழுதிய வரி ஓக்லண்டை இகழ்வதாகப் பலரும் மேற்கோள் காட்டுகின்றனர். சூழலுடன் படித்தால் அது இழந்த வீட்டைப் பற்றிய வரி என்பது விளங்கும்.

இரண்டாம் உலகப் போர்

1929 முதல் ஸ்டைனும் டோக்லஸும் கோடைக்காலங்களைக் கிழக்குப் பிரான்சில் பெலே நகருக்கு அருகில் உள்ள பிலினியன் என்னும் சிற்றூரின் வாடகை வீட்டில் கழித்து வந்தனர். 1939 இல் போர் தொடங்கியதும் பாரிசிலிருந்து குளிர்கால உடைகளையும் இரண்டே ஓவியங்களையும் எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டனர். ஒன்று பிக்காசோ தீட்டிய ஸ்டைனின் உருவப்படம். மற்றொன்று செசான் மனைவியின் படம். அமெரிக்கத் தூதரக அலுவலர்கள் நாடு திரும்புமாறு அறிவுறுத்தியும் இருவரும் செல்லவில்லை. போர்க்காலத்தில் பணமுடை ஏற்பட்டபோது செசானின் படம் விற்கப்பட்டது. ஒருகாலத்தில் எழுத்து நடையைக் கற்றுத்தந்த படம், இப்போது அடுப்பெரிய உதவியது.

1943 பெப்ரவரியில் வீட்டு உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்டதால் அருகில் உள்ள குலோஸ் நகருக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. அந்நாளில் இவருடைய வழக்கறிஞர் ஓர் எச்சரிக்கையைத் தெரிவித்தார். உடனே சுவிட்சர்லாந்துக்குத் தப்பாவிட்டால் இருவரும் வதைமுகாமுக்கு அனுப்பப்படுவர் என்று உள்ளூர் அதிகாரி ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். இருவரும் தப்பிச் செல்ல மறுத்துக் குலோசுக்கே சென்றனர். அங்கு இத்தாலிய வீரர்களும் பின்னர் ஜெர்மானிய வீரர்களும் இவர்கள் வீட்டிலேயே தங்கவைக்கப்பட்டனர். வீட்டில் இருந்த இரு முதிய பெண்கள் அமெரிக்க யூதர்கள் என்பது வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அதே வட்டாரத்தில் உள்ள இசியூ என்னும் ஊரில் 1944 ஏப்ரல் 6 அன்று குழந்தைகள் இல்லத்தில் ஒளிந்திருந்த 44 யூதக் குழந்தைகள் பிடிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டனர்.

இக்காலத்தை விவரிக்கும் 'நான் கண்ட போர்கள்' 1945 இல் வெளியானது. பிறப்பு முதல் தாம் அறிந்த போர்களை எண்ணிக்கொண்டு தொடங்கும் இந்நூலில் போர்க்களம் இல்லை. மாவும் வெண்ணெயும் தேடி நடந்த தொலைவு, நாய்க்கான உணவு, அண்டை வீட்டாரின் பேச்சு, கட்டாய வேலைக்காக ஜெர்மனிக்கு அனுப்பப்படவிருந்த இளைஞர்களின் கலக்கம், மலைகளில் மறைந்து போரிட்டோர் பற்றிய செய்திகள் ஆகியவையே நூலை நிரப்புகின்றன. 'மென்மையான பொத்தான்கள்' நூலில் மேசை மேல் இருந்த சர்க்கரையும் வெண்ணெயும் இங்கு கிடைத்தற்கரிய பண்டங்களாகின்றன. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பது பயனுள்ளது. 1940–42 இல் எழுதிய 'திருமதி ரெனால்ட்ஸ்' என்னும் நாவலிலும் போர் ஒரு குடும்பப் பெண்ணின் அன்றாடத்தின் வழியாகவே வருகிறது; ஹிட்லரும் ஸ்டாலினும் வேறு பெயர்களில் தொலைவில் உலவுகின்றனர்.

பெத்தேன் உரைகள்

இவர்கள் எவ்வாறு தப்பினர் என்னும் வினாவுக்கு ஊராரின் மௌனமும் ஒரு விடை. மற்றொரு விடை பெர்னார் ஃபாய். ஸ்டைனின் நெடுநாள் நண்பரான இவர் விஷி ஆட்சியில் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் தலைவராக இருந்தார். ஸ்டைனையும் பாரிஸ் வீட்டில் இருந்த ஓவியங்களையும் இவர் தம் செல்வாக்கால் பாதுகாத்தார். போருக்குப் பின் பிரீமேசன்களுக்கு எதிரான நடவடிக்கைகளுக்காக இவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணையின்போது ஸ்டைன் இவருக்கு ஆதரவாக எழுதினார்.

1941 முதல் ஸ்டைன் பெத்தேனின் முப்பதுக்கும் மேற்பட்ட உரைகளை அமெரிக்க வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பெத்தேனை ஜார்ஜ் வாஷிங்டனுடன் ஒப்பிட்டு ஒரு முன்னுரையும் எழுதினார். விஷி அரசு 1940 அக்டோபரிலேயே யூதர்களுக்கு எதிரான சட்டத்தை இயற்றியிருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்நூல் வெளிவரவில்லை. உயிருக்கு அஞ்சிச் செய்தார் என்று சிலரும், பழைமைச் சார்புள்ள அரசியல் நம்பிக்கையால் விரும்பியே செய்தார் என்று சிலரும் கருதுகின்றனர். ஜேனட் மால்கம் 2007 இலும் பார்பரா வில் 2011 இலும் வெளியிட்ட நூல்கள் இதை விரிவாக ஆராய்கின்றன. மொழிபெயர்ப்பு பிரெஞ்சுச் சொல்வரிசையை அப்படியே பின்பற்றுவதால் ஆங்கிலம் பல இடங்களில் தடுமாறுகிறது. எவருடைய வாக்கியத்துக்கும் பணியாத எழுத்தாளர் இங்கு ஒருவரின் வாக்கியத்துக்கு முழுமையாகப் பணிந்திருக்கிறார். அது அச்சமா, பக்தியா, வேண்டுமென்றே செய்த கோணலா என்பதைச் சொற்களை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. அச்சம் ஒன்றே காரணம் என்றால், 1920களிலேயே ஃபாயுடன் தொடங்கிய நட்பையும், பெத்தேன் செய்த போர்நிறுத்தத்தை நூலிலேயே ஆதரித்து எழுதியதையும் விளக்குவது கடினம்.

எழுத்தைப் பொருள்கொள்ளுதல்

ஸ்டைனின் கடின நூல்களைத் திறக்கப் பல திறவுகோல்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1934 இல் எழுதிய கட்டுரையில், மாணவப் பருவ ஆய்வைச் சுட்டிக்காட்டி, இவை தன்னியக்க எழுத்தே என்றார். ஸ்டைன் இதை ஏற்கவில்லை. கையெழுத்துப் படிகளில் காணப்படும் திருத்தங்களும் இக்கருத்துக்குத் துணைசெய்யவில்லை. கியூபிச ஓவியத்தின் எழுத்து வடிவம் என்பது இரண்டாம் விளக்கம். இது ஓரளவே பொருந்தும். உடைந்த குடுவையை ஓவியத்தில் கண் மீண்டும் சேர்த்துக்கொள்ளும். சொற்களைச் சேர்க்கக் கண்ணுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

1970களுக்குப் பின் பெண்ணிய ஆய்வாளர்கள், வீட்டுப் பொருள்களின் பெயர்களுக்குள் ஸ்டைன்–டோக்லஸ் காதல் வாழ்வு மறைமொழியில் எழுதப்பட்டுள்ளது என்று காட்டினர். இதற்கு வலுவான ஆதாரம் 'தியானச் செய்யுள்கள்' என்னும் நீண்ட கவிதை நூலிலிருந்து கிடைத்தது. ஸ்டைன் டோக்லஸைச் சந்திக்கும் முன் மே புக்ஸ்டேவர் என்பவரைக் காதலித்து, அதை 1903 இல் ஒரு குறுநாவலாக எழுதி வைத்திருந்தார். 1932 இல் அப்படி டோக்லஸின் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் மே என்பது பெண்ணின் பெயர், மாதத்தின் பெயர், ஒரு செயல் நிகழக்கூடும் என்பதைக் காட்டும் துணைவினையும் ஆகும். அவ்வாண்டு எழுதிய 'தியானச் செய்யுள்கள்' நூலின் தட்டச்சுப் படியில் அச்சொல் வந்த இடங்களில் எல்லாம் வேறு சொற்கள் இடப்பட்டன. இலக்கணமும் ஓசையும் ஏன் பல இடங்களில் முறிகின்றன என வாசகர்கள் வியந்துகொண்டிருக்க, ஆய்வாளர் உல்லா டைடோ கையெழுத்துப் படியுடன் ஒப்பிட்டு இம்மாற்றத்தைக் கண்டறிந்தார். மூலப் பாடத்துடன் கூடிய பதிப்பு 2012 இல் வெளியானது.

எனினும் மறைமொழி அகராதி ஒன்றைக் கொண்டு இவரது நூல்கள் முழுவதையும் மொழிபெயர்த்துவிடலாம் என எண்ணுவது பொருந்தாது. எந்த ஒரு திறவுகோலும் சில பத்திகளைத் திறந்து அடுத்த பத்தியில் நின்றுவிடுகிறது. புதிதாகப் படிப்போர் தன்வரலாற்றில் தொடங்கி, 'நான் கண்ட போர்கள்' நூலைப் படித்து, பின்னர் 'மென்மையான பொத்தான்கள்' நூலுக்குச் செல்வது எளிது. அதை வாய்விட்டுப் படித்தல் நலம். கண்ணுக்கு வெறும் குழப்பமாகத் தோன்றும் வரிகள் பல, காதுக்கு ஒழுங்குடன் ஒலிக்கின்றன.

மறைவு

1944 டிசம்பரில் ஸ்டைன் பாரிசுக்குத் திரும்பினார். ஓவியங்கள் சுவரில் இருந்தன. அமெரிக்கப் போர்வீரர்கள் கூட்டமாக இவரைக் காண வந்தனர். அவர்களது பேச்சைக் கொண்டு எழுதிய சிறு நூல் 1946 இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலை 27 அன்று பாரிசை அடுத்த நுயீயில் உள்ள அமெரிக்க மருத்துவமனையில், வயிற்றுப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையின்போது காலமானார். பேர் லாசேஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிக்காசோ தீட்டிய உருவப்படத்தை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கும், கையெழுத்துப் படிகளை யேல் பல்கலைக்கழகத்திற்கும் உயிலில் அளித்திருந்தார். அச்சேறாத எழுத்துகளை யேல் 1951 முதல் 1958 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. ஏனைய ஓவியங்கள் டோக்லஸின் வாழ்நாள் வரை அவரிடம் இருக்கலாம் என்பது உயிலின் ஏற்பாடு. ஆனால் இருவரின் உறவுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1961 இல் டோக்லஸ் ரோம் சென்றிருந்தபோது, ஸ்டைன் குடும்ப வாரிசுகளின் முறையீட்டால் ஓவியங்கள் அகற்றப்பட்டன. திரும்பி வந்தபோது சுவர்கள் வெறுமையாக இருந்தன. 1954 இல் வெளியிட்ட சமையல் நூலால் புகழ் பெற்றிருந்தும், டோக்லஸ் இறுதிக் காலத்தை வறுமையில் கழித்து 1967 மார்ச் 7 அன்று காலமானார். அவரும் அதே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது பெயர் கல்லின் பின்புறத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.